முகட்டு வளையும் சாய்மனைக் கதிரையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு மலையில்லை, ஆறில்லை, பெருங்காடும் இல்லை. மலையும் ஆறும் இல்லாமையை எடுத்துப் பேசுவார் பலர். காடில்லாமை அந்நாட்டு மக்களின் வாழ்க்கையை எவ்வாறு வகுத்தது என ஆராய்வார் சிலரே. சுண்ணக் கல்லின்மேற் படர்ந்த மெல்லிய மண்ணிலே பனை நெடிது வளரும். வேம்பும் இலுப்பையும் பூவரசும் நிழல் தரும். ஆயின் வீட்டுக்கு வளையாகவும் கதவுக்கு நிலையாகவும் அமையத்தக்க பெருமரங்களுக்குக் குடாநாட்டார் வன்னிக் காட்டையும் கடல்கடந்த நாடுகளையுமே நோக்கியிருந்தனர். எளிதிற் கிடையாத பொருளை எளிதிற் கழித்துவிடுவார் எவருமிலர். இவ்வுண்மையே குடாநாட்டு மரத்தின் வரலாற்றுக்குத் திறவுகோல்.

வலிகாமம் வடக்கிலே, தெல்லிப்பழைக்கும் மல்லாகத்திற்கும் அணித்தாய், செம்மண் தோட்டங்கள் சூழ அமைந்தது அளவெட்டி. நாதசுரமும் தவிலும் இவ்வூரின் பெயரைக் கடல் கடந்தும் பரப்பின. மகாகவி எனப் பெயர் பூண்ட உருத்திரமூர்த்தியையும், சிறுகதை வளர்த்த அ. செ. முருகானந்தனையும் ஈழத்துத் தமிழுக்கு ஈந்த ஊரும் இதுவே. இசைக்கும் எழுத்துக்கும் பேர்போன இவ்வூரைப் போன்ற பழைய ஊர்களின் கூரைகளையும் தளபாடங்களையும் உற்று நோக்குவார்க்கு, ஏட்டில் எழுதப்படாத வேறொரு வரலாறும் புலப்படும். ஒரு தலைமுறைக்கு முகட்டு வளையாய் இருந்த மரம் அடுத்த தலைமுறைக்கு வாங்காகவும் கதிரையாகவும் மாறிய வரலாறு அது.

மரத்தின் இயல்பை அறிந்தாலன்றி இவ்வரலாறு விளங்காது. புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வைரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியர் வகுத்தார். பனை முதலாவது வகையைச் சார்ந்தது. அதன் வெளிப்புறம் கருமையும் உறுதியும் வாய்ந்தது, உட்புறமோ மென்மையானது. ஆதலின் முதிர்ந்த பனையைப் பிளந்து உட்புறத்தை நீக்கினால் நீண்ட சிலாகைகள் கிடைக்குமேயன்றி அகன்ற பலகை கிடையாது. கூரைக்கும் துலாவுக்கும் பனை போதும். பெட்டகத்துக்கும் மேசைக்கும் போதாது. அவற்றுக்கு முதிரை, பாலை, வேம்பு, தேக்கு முதலிய உள்வைரம் கொண்ட மரங்களே வேண்டும். பனையின் பயன்கள் எண்ணூற்றொன்று எனத் தாலவிலாசம் என்னும் நூல் கூறியதாகச் சொல்வர். 1850 ஆம் ஆண்டிலே பனையைப் பற்றித் தனிநூல் எழுதிய வில்லியம் பேர்கசன் என்பாரும் அதன் மரத்தின் பெருமையை விரித்துரைத்தார். அத்துணைப் பயனுடைய பனையாலும் ஒரு நல்ல கதவுப் பலகையைத் தர இயலாமற் போனமை வியப்புக்குரியது. பிறவிடத்திலிருந்து வந்த மரத்தைக் குடாநாட்டார் பொன்போற் பேணியதற்குக் காரணமும் இதுவே.

மரம் இத்தகையதாக, அதைப் பண்படுத்திய தச்சருக்குக் கிடைத்த ஊதியம் எத்தகையது? பழைய நாளிலே ஊர்த் தொழிலாளரின் உழைப்புக்குக் காசு கொடுக்கும் வழக்கம் அருகியே காணப்பட்டது. ஏரும் கலப்பையும் செப்பனிட்டுத் தந்த தச்சருக்கும், கொழுவும் மண்வெட்டியும் அடித்துத் தந்த கொல்லருக்கும், அறுவடைக் காலத்திலே களத்தில் நெல் அளந்து கொடுக்கப்பட்டது. உப்பைக் கொடுத்து நெல்லைக் கொண்ட செய்தி சங்க இலக்கியத்திலேயே உண்டு. பண்டமாற்று என்பது தமிழருக்குப் புதிதன்று. ஆயினும் களத்து நெல்லைப் பெற்ற தச்சர் சந்தை வணிகர் போன்றவரல்லர். வீட்டுக்காரனும் அவரும் ஒருவரை ஒருவர் தலைமுறை தலைமுறையாய் அறிவர். இம்முறையிலே சாதி ஏற்றத்தாழ்வு என்னும் கொடுமையும் கலந்திருந்தது என்பதை மறைத்தல் ஆகாது. தமது கைத்திறனுக்குத் தாமே விலை சொல்லும் உரிமை தொழிலாளருக்கு இருந்ததில்லை. நெல் அளந்தவர் கையே பெரும்பாலும் ஓங்கி நின்றது.

இனி, தளபாடங்களின் பெயர்களை நோக்குவோம். மொழி சில வேளைகளிற் கல்வெட்டினும் உறுதியான சான்றாகும். கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு, யன்னல் என்னும் சொற்கள் யாழ்ப்பாணத்து வீடுகளில் நாள்தோறும் வழங்குவன. இவை யாவும் போர்த்துக்கேயர் மொழியிலிருந்து வந்தவை. மேசையின் இழுப்பறையைக் குறிக்கும் லாச்சி என்பது ஒல்லாந்தர் தந்த சொல். கட்டில், தொட்டில், பெட்டகம், பலகை என்பன நம்முடையவை. இவ்விரு வரிசைகளையும் ஒப்பிட்டால், நிலத்திற் பாயிலும் திண்ணையிலும் அமர்ந்த மக்கள் உயர்ந்த இருக்கையில் அமரத் தொடங்கியது எக்காலம் என்பது தானே விளங்கும். 1619 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658 இல் ஒல்லாந்தர் வந்தனர். 1795 இல் ஆங்கிலேயர் வந்தனர். ஆட்சி மாறினும் கதிரையின் பெயர் மாறவில்லை. பிரம்பு பின்னிய இருக்கையும் கடைந்த காலும் கொண்ட ஒல்லாந்தர் காலத்துக் கதிரையின் சாயல், பிற்காலத்தில் ஊர்த் தச்சர் செய்த சாய்மனைக் கதிரையிலும் ஒருவாறு காணப்படும்.

ஓரிடத்துப் பொருளைப் பெயர்த்து மற்றோரிடத்தில் அமைத்தலும் அக்காலத்தில் நிகழ்ந்தது. அதிலே நீதியும் உண்டு, அநீதியும் உண்டு. 1621 ஆம் ஆண்டிலே நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தனர். அக்கோயிற் கற்கள் யாழ்ப்பாணக் கோட்டையைக் கட்டப் பயன்பட்டன என்பது வழிவழி வந்த செய்தி. இது மாற்று அன்று, பறிப்பு. 1816 ஆம் ஆண்டிலே அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பழைக்கு வந்தபோது, முன்னையோர் விட்டுச் சென்ற தேவாலயக் கட்டடம் பாழடைந்து கிடந்தது. அரசினரிடம் அதைப் பெற்று, பழுது தீர்த்து, கல்வியும் வழிபாடும் நடத்தினர். கேட்பாரற்றுக் கிடந்ததை உரியவரிடம் கேட்டுப் பெற்றுச் செப்பனிடுதலும், உடையவர் கண்முன்னே பறித்துச் செல்லுதலும் ஒன்றாகா. இவ்வேறுபாட்டை நேயர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னர் இது மீண்டும் வரும்.

ஒல்லாந்தர் ஆட்சியிலே, 1707 ஆம் ஆண்டில், கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் யாழ்ப்பாண மக்களின் வழக்கங்களைத் தேசவழமை என்னும் சட்டத் தொகுப்பாக எழுதினார். முதலியார் பன்னிருவர் அதைப் பார்வையிட்டு ஏற்றனர். ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டில் அதற்குச் சட்டவலு அளித்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை மூவகையாகப் பகுத்தது அச்சட்டம். பரம்பரையாய் வந்தது முதுசம். பெண்ணுக்கு மணக்கொடையாகக் கொடுப்பது சீதனம். மணத்தின்பின் கணவனும் மனைவியும் ஈட்டியது தேடியதேட்டம். இப்பகுப்பைக் கொண்டு ஒரு மரத்தின் பயணத்தை எண்ணிப் பார்த்தல் தகும். பாட்டனின் வீட்டு வளை முதுசம். அவ்வீடு பிரிக்கப்பட்டு அம்மரத்தாற் பேத்திக்குப் பெட்டகம் செய்யப்படின் அது சீதனம். அப்பெட்டகத்தைக் கொடுத்து அவளும் கணவனும் வேறொரு பொருளை மாற்றிக்கொள்ளின் அதற்கு என்ன பெயர்? வழக்கறிஞர் வாதிடத்தக்க வினா அது. மரம் ஒன்றே, உறவு மாற உரிமையும் மாறுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வலிகாமத்துத் தோட்டக்காரர் புகையிலையாற் பொருள் ஈட்டினர். திருவாங்கூர் நாடு யாழ்ப்பாணப் புகையிலைக்குப் பெருஞ்சந்தையாய் விளங்கியது. வல்வெட்டித்துறை முதலிய துறைகளிலிருந்து புறப்பட்ட மரக்கலங்கள் பர்மா வரையும் சென்று அரிசியும் தேக்கும் ஏற்றி மீண்டன. அத்துறை மக்களின் மரவேலைத் திறனுக்கு அன்னபூரணி என்னும் கப்பலே சான்று. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அக்கப்பல் அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, கடல்கள் பல கடந்து, 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. 1902 இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கியது. 1905 இல் அப்பாதை கொழும்போடு இணைந்தது. வன்னி மரம் குடாநாட்டுக்கு வரும் வழி அதனால் இலகுவாயிற்று. நாற்சார் வீடுகளின் முற்றத்தைச் சுற்றித் தேக்குத் தூண்களும் முதிரை வளைகளும் எழுந்தன.

அவ்வீடுகளே பின்னொரு காலத்தில் மரச்சுரங்கங்கள் ஆயின. காங்கேசன்துறையிலே 1950 ஆம் ஆண்டிற் சீமெந்துத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. கொங்கிறீற்றுத் தட்டையும் இரும்புக் கம்பியும் மர வளையின் இடத்தைப் பிடித்தன. 1970 ஆம் ஆண்டினை அடுத்து வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் தடுக்கப்பட்டமையால், வலிகாமத்துத் தோட்டக்காரர் கையிற் பணம் புழங்கியது. புதுவீடு கட்டும் ஆவலும் ஓங்கியது. பழைய வீடு இடிக்கப்படும்போது கல் அத்திவாரத்துக்குப் போயிற்று. மரமோ கொட்டிலில் அடுக்கப்பட்டது. அவ்வாறு அடுக்கிய மரம் தச்சரின் வருகையை நோக்கிக் காத்திருந்தது.

பழைய மரத்துக்கும் புதிய தளபாடத்துக்கும் இடையே நிகழும் மாற்றினை மூவகைப்படுத்தலாம். மரம் உடையவர் தம் வீட்டுக்கே தச்சரை அழைத்து, உணவும் கூலியும் கொடுத்துப் பொருள் செய்விப்பது முதல் வகை. மரத்தைத் தச்சுப்பட்டறையிற் கொடுத்து, அதன் பெறுமதிக்கு ஈடாகச் செய்து முடிந்த கதிரையையோ மேசையையோ கொண்டு, மிச்சத்தைக் காசால் நேர்செய்வது இரண்டாம் வகை. உடைந்த தளபாடத்தைக் கொடுத்துச் செப்பனிட்ட தளபாடத்தைப் பெறுவது மூன்றாம் வகை. முதல் வகையிலே மரம் கைமாறுவதில்லை. ஏனைய இரண்டிலும் மரம் கைமாறுகின்றது. எனவே அளவும் மதிப்பும் பற்றிய கேள்வி எழுகின்றது.

அளவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பத்தடி நீளமும், ஆறு அங்குலச் சதுர முகமும் உடைய ஒரு வளை இரண்டரைக் கன அடி மரம் ஆகும். நீண்டகாலம் புகையும் மழையும் பட்ட அதன் மேற்பரப்பைப் பக்கத்துக்கு அரை அங்குலம் சீவினால் முகம் ஐந்தங்குலமாய்ச் சுருங்கும். கழுந்தும் துளையும் வெட்டிய இரு முனைகளிலும் ஒவ்வோர் அடியை நீக்கினால் நீளம் எட்டடியாகும். எஞ்சுவது ஏறக்குறைய 1.4 கன அடியே. அஃதாவது, கண்ணுக்குத் தோன்றிய மரத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்ட பங்கு சீவலாயும் துண்டாயும் போய்விடுகின்றது. மறைந்து கிடக்கும் ஆணியொன்று வாளின் பல்லை முறித்தால் நட்டம் தச்சருடையது. ஆகவே, மரத்தைக் கொடுப்பவர் அதன் முழு அளவுக்கும் பொருள் கேட்டல் நியாயமன்று. மறுபுறம், பழைய மரத்தின் ஈரம் முற்றும் உலர்ந்துவிட்டது. புதுமரத்தைப் போல் அது முறுகுவதும் வெடிப்பதும் குறைவு. அதற்குரிய சிறப்பை மறுத்து விறகு விலை பேசுதலும் நியாயமன்று. சீவுளியும் கொட்டாப்புளியும் தொழிற்படுமுன் முழக்கோலும் மனச்சான்றும் தொழிற்படல் வேண்டும்.

இனிப் போர்க்காலத்துக்கு வருவோம். 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வடபகுதிப் புகைவண்டிச் சேவை நின்றது. சீமெந்து, இரும்பு, எரிபொருள் முதலியன குடாநாட்டுக்கு வருதல் தடைப்பட்டது. காங்கேசன்துறை, பலாலி, மயிலிட்டிப் பகுதி மக்கள் வீடு வாசல்களை விட்டு வலிகாமத்தின் பிற ஊர்களுக்குப் பெயர்ந்தனர். அவர்களின் ஊர்கள் இராணுவ வலயத்துள் அடங்கின. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் போரிட்ட இரு திறத்தாரின் காவலரண்களுக்கும் உபயோகமாயின. பனைகள் எண்ணிறந்தன வீழ்த்தப்பட்டன. வீட்டு முற்றத்திலே பதுங்குகுழி தோண்டியவரும் பனங்குற்றியையே கூரையாக்கினர். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியிலே வலிகாமத்து மக்கள் பல இலட்சத்தவர் ஒருசேரத் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் இடம்பெயர்ந்தனர். 1996 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மீண்டவர்களுட் பலர் கண்டது, சுவர் நிற்கக் கூரை போன வீடு. நிலை போன வாசல். கதவு போன அறை.

அக்காலத்திலே பண்டமாற்று மீண்டும் உயிர்பெற்றது. கடையிற் பொருளில்லாதவிடத்துக் கையிற் காசிருந்தும் பயனென்ன? ஒருவரிடம் மிஞ்சிய ஓடும், மற்றொருவரிடம் மிஞ்சிய சிலாகையும், வேறொருவரின் கைத்தொழிலும் ஒன்றோடொன்று மாறி வீடாக உருப்பெற்றன. ஆயின் ஒரு கொடிய வினாவும் உடன் தோன்றியது. மாற்றுக்கு வந்த கதவு எவருடையது? இடிபாட்டிலிருந்து எடுத்த மரம் யாருமற்ற மரம் போலத் தோன்றும். உண்மையிலோ, அதற்கு உரியவர் எங்கோ ஓர் அகதி முகாமிலிருந்து தம் வாசலை நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். எரிந்த வீட்டின் கரியேறிய வளையை அவ்வீட்டாரே எடுத்துத் தச்சரிடம் கொடுத்தல் மீட்பு. பூட்டிய வீட்டின் கதவைப் பிறர் கழற்றிக் கொடுத்தல் களவு. செய்து முடித்த கதிரையின் அழகிலே இவ்வேறுபாடு தெரியாது. மெருகு பூசிய பின் எல்லா மரமும் ஒன்றுபோலவே ஒளிரும். எனவே, கைமாற்றுக்கு வரும் மரத்தின் ஊரையும் வீட்டையும் வினாவுதல் தச்சரின் கடமையும் ஆகும். பொருள் பெறுபவரின் கடமையும் ஆகும்.

2009 ஆம் ஆண்டிற் போர் முடிந்தது. பாதைகள் திறந்தன. வேறொரு வகை மாற்றும் உடன் வந்தது. தெற்கிலிருந்து வந்த பழம்பொருள் வணிகர் பெட்டகத்தையும் சாய்மனைக் கதிரையையும் சித்திர வேலைப்பாடுள்ள கதவையும் தேடினர். வறுமையால் வாடிய குடும்பங்களுக்குப் புதுப் பிளாத்திக்குக் கதிரையும் மெல்லிய பலகை அலுமாரியும் அன்று தேவையாயின. ஒரு நூற்றாண்டு உழைக்கவல்ல முதிரை, சில ஆண்டே உழைக்கும் பொருளுக்கு ஈடாயிற்று. கொடுத்தவரை எவரும் பழித்தல் தகாது. பசித்தவன் பெட்டகத்தை உண்ண முடியாது. ஆயினும் பண்டமாற்றின் பெருங்குறை இங்கேதான் வெளிப்படுகின்றது. இருவரும் மதிப்பறிந்தவராயின் அது நட்பு. ஒருவர் மட்டும் அறிந்தவராயின் அது வேட்டை.

இந்நிலை அளவெட்டிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ மட்டும் உரியதன்று. தமிழகத்துக் காரைக்குடியிலே முனீசுவரன் கோயில் வீதியிற் பழம்பொருட் கடைகள் நிரை நிரையாய் உள்ளன. பர்மாத் தேக்கினாற் செட்டிநாட்டார் எழுப்பிய மாளிகைகள் பிரிக்கப்பட்டபோது தூணும் கதவும் அங்கே வந்து சேர்ந்தன. இரண்டாம் உலகப் போரிலே மரத் தட்டுப்பாடுற்ற பிரித்தானியா, 1942 ஆம் ஆண்டிலே தளபாடங்களுக்கு எளிய, உறுதியான மாதிரிகளை வகுத்தது. குண்டுவீச்சில் வீடிழந்தோருக்கும் புதுமணத் தம்பதியருக்கும் அவற்றை முதலில் வழங்கியது. அரிய மரத்தை அங்கே அரசு பங்கிட்டது. யாழ்ப்பாணத்தில் அயலவரே பங்கிட்டனர்.

இன்னுமோர் இனிய செய்தியும் உண்டு. ஆட்டிக்குக் கடலிற் கைவிடப்பட்ட றெசொலூட் என்னும் பிரித்தானியக் கப்பலை 1855 இல் அமெரிக்க மாலுமிகள் கண்டெடுத்தனர். அமெரிக்கர் அதைச் செப்பனிட்டு அடுத்த ஆண்டிலே உரியவரிடம் திருப்பிக் கொடுத்தனர். பின்னர் அக்கப்பல் உடைக்கப்பட்டபோது, அதன் மரத்தினால் ஒரு மேசை செய்வித்து, விக்ரோறியா மகாராணியார் 1880 இல் அமெரிக்க சனாதிபதிக்கு அனுப்பினார். கண்டெடுத்தவர் உரியவரிடம் சேர்ப்பித்தார். உரியவர் நன்றியோடு தளபாடமாகத் திருப்பினார். மீட்ட மரத்துக்கும் செய்த தளபாடத்துக்கும் இடையே நிகழத்தக்க மாற்றுக்கு இதனினும் சிறந்த இலக்கணம் காண்டல் அரிது.

2015 ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே காங்கேசன்துறைக்கு மீண்டும் புகைவண்டி ஓடியது. 2017 இல் மயிலிட்டித் துறைமுகப் பகுதி மக்களிடம் மீண்டது. விடுவிக்கப்பட்ட காணிகளிலே பற்றைக்காட்டை வெட்டியவர்கள் அத்திவாரத்தைக் கண்டனர், கிணற்றைக் கண்டனர், கதவையும் கூரையையும் பெரும்பாலும் காணவில்லை. இந்திய உதவியோடு ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா வீதம் வழங்கிய திட்டத்திலே வீட்டுக்காரரே முன்னின்று வீடு கட்டினர். அத்தொகைக்குள் வீட்டை முடிக்க முயன்றவர்க்குச் சுற்றத்தார் கொட்டிலிற் கிடந்த பழைய நிலையொன்று கிடைப்பினும் அது பெருந்துணையே. காட்டு மரம் தறிக்கவும் ஏற்றவும் அனுமதி வேண்டும். பனை தறிக்கவும் அனுமதி வேண்டும். இருக்கும் மரத்தைப் பேணுதல் காட்டைப் பேணுதலும் ஆகும்.

ஊர்தோறும் இன்னும் சில கொட்டில்களிலே பழைய வளைகளும் தூண்களும் சாத்திக் கிடக்கின்றன. அவற்றின் பெயரையும் அளவையும் வயதையும் உரைக்கவல்ல முதிய தச்சர் சிலரும் உளர். பாடசாலைச் சிறுவர்க்கு முதிரை இது, பாலை இது, வேம்பு இது என மரத்தின் வரியைக் காட்டி அவர் கற்பிப்பாராயின், நாளை கைமாற்றுக்கு வருவோரை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது. நெல் அளந்த காலத்திலே தச்சர் தம் உழைப்பின் விலையைத் தாம் சொல்ல இயலாதிருந்தார். வணிகர் வந்த காலத்திலே வீட்டுக்காரர் தம் மரத்தின் விலையை அறியாதிருந்தார். இரு குறையும் நீங்கி, மரம் தருபவரும் தொழில் தருபவரும் ஒரே முழக்கோலால் அளந்துகொள்ளும் நாளே பண்டமாற்று அறமாகும் நாள்.